செம்பாறைப்பட்டி மேசை: மேட்டுக்கு +1 வேண்டுமா, வேண்டாமா?

பகடை ஆறு (கிருஷ்ணகிரி)

புதிதாக வருபவர்களுக்காக முதலில் விவரம். இது மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் போர் ஆட்டம். செம்பாறைப்பட்டி அதற்காக நாம் கற்பனையில் வைத்த மலைச்சரிவு ஊர். வருடம் 1791, பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்). மேலே ஊருக்குள் திப்புவின் மைசூர்த் தரப்பின் கந்தாச்சாரக் காவலர் (உள்ளூர்க் காவற்படை) 3 கம்பெனி, அதாவது 3 படைப்பிரிவு, ஒரு ராக்கெட் கூட்டம். கீழே கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) சிப்பாய்கள் 6 கம்பெனி, 6 பவுண்டு குண்டு போடும் ஒரு 6 பவுண்டர் பீரங்கி. மேசை 6 அடிக்கு 4 அடி, 15 மி.மீ. பொம்மைகள். 1 அங்குலம் 10 மீட்டர், 1 சுற்று 1 நிமிடம். 10 சுற்றுக்குள் சுவரைத் தாண்டி மாரியம்மன் கோயில் திடலில் 2 கம்பெனி நின்றால் கும்பினிக்கு வெற்றி.

ஐந்து முறை ஆடியாயிற்று, ஐந்திலும் கும்பினி தோற்றது. இரு பக்கமும் சமம் என்றால் இப்படி நடக்க 32-ல் 1 வாய்ப்புதான். பகடையைக் குறை சொல்ல முடியாது. விதியில்தான் கோளாறு.

கணக்கைப் பாருங்கள். கம்பெனிக்கு 4 பகடை, 4 உயிர். துப்பாக்கி 10 அங்குலம் எட்டும். 5, 6 விழுந்தால் ஒரு உயிர் போகும். மேட்டிலிருந்து சுட்டால் +1, அதாவது 4 விழுந்தாலும் போகும். ஏற்றத்தில் நகர்வு பாதி, 3 அங்குலம். அப்படியென்றால் கடைசி 10 அங்குலத்தைக் கடக்க 4 சுற்று. காவலர் 12 பகடையில் பாதி பலிக்கும், சுற்றுக்கு 6, நாலு சுற்றுக்கு 24. கும்பினியின் மொத்த உயிரே 24! சுவரைத் தொட ஆளே மிஞ்சாது.

+1 இல்லையென்றால் சுற்றுக்கு 4, மொத்தம் 16. எட்டு உயிராவது சுவருக்கு வந்து சேரும். மேடு தரும் லாபத்தைப் பாதி நகர்வு மூலம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், ஏறுகிறவன் இரண்டு மடங்கு நேரம் குண்டுக்கு எதிரே நிற்கிறான். அதற்கு மேல் +1 கொடுப்பது ஒரே கடனுக்கு இரண்டு தடவை வட்டி வாங்குவது.

கோட்டைமேடு (ராயக்கோட்டை)

ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. மேட்டுக்கு மதிப்பே இல்லை என்று விதி எழுதிவிட்டு அதைப் பாராமகால் ஆட்டம் என்று சொல்லக்கூடாது. 1791 நவம்பரில் கும்பினியின் மேக்ஸ்வெல் படை கிருஷ்ணகிரிப் பேட்டையை (கோட்டையடி ஊரை) பிடித்தது, மேல்கோட்டையில் ஏற முடியாமல் திரும்பியது. அதே வருடம் ஜூலையில் ராயக்கோட்டையின் கீழ்க்கோட்டை தாக்குதலில் விழுந்தது, மேல்கோட்டை சரணடைந்ததால்தான் கைக்கு வந்தது. மேலே இருப்பவனை நேருக்கு நேர் ஏறி அடிப்பது கஷ்டம் என்பதுதான் இந்த மண்ணின் பாடம். ஐந்து தடவை தோற்றார்கள் என்றால் ஐந்து தடவையும் நேர்ச் சரிவில் வரிசை கட்டி ஏறினார்கள் என்று அர்த்தம்.

பாராமகால் வாசகன் (தருமபுரி)

கோட்டைமேடு தம்பி, கிருஷ்ணகிரியில் ஏறினவர்களைத் தடுத்தது துப்பாக்கி அல்ல, மேலிருந்து உருட்டிவிட்ட கல். ஏணி தாங்கவில்லை. அது செங்குத்துப் பாறை. செம்பாறைப்பட்டியோ 180 மீட்டர் நீளத்துக்கு 30 மீட்டர் ஏறும் சரிவு, ஆறுக்கு ஒன்று. சாமையும் ராகியும் விதைக்கிற நிலம். பாறைக்கோட்டையின் உதாரணத்தை உழவுச் சரிவுக்குப் பொருத்தக்கூடாது.

பாதி நகர்வு சரிதான். மலையேறுபவர்கள் 1892 முதல் பயன்படுத்தும் நைஸ்மித் கணக்கு இருக்கிறது: 3 மைலுக்கு ஒரு மணி, அதற்கு மேல் 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. நம் 180 மீட்டருக்கு நடை 2¼ நிமிடம், 30 மீட்டர் ஏற்றத்துக்கு 3 நிமிடம். சமதளத்தைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். அதில் கை வைக்க வேண்டாம்.

ஆனால் மேட்டிலிருந்து சுடுவது லாபம் என்பது பழைய துப்பாக்கிக்குப் பொருந்துமா? குழலைச் சமமட்டமாகப் பிடித்தால் 50 மீட்டர் தள்ளி நிற்கிறவனின் தரை 8 மீட்டர் கீழே இருக்கிறது. குண்டு தலைக்கு மேலே போய்விடும். கீழ்நோக்கிச் சுடுகிற கூட்டம் உயரமாகச் சுட்டு வீணாக்குவது அந்தக் காலத்தில் எல்லாரும் அறிந்த குறை.

கோட்டைமேடு

அது பழக்கத்தின் குறை, சரிவின் குறை இல்லைங்க. சரிவு ஒரே சீராக இருந்தால், குழலைச் சரிவோடு சாய்த்துப் பிடித்தவனுக்குச் சமதளத்தில் சுடுவதும் இதுவும் ஒன்றுதான், குண்டு தரையை ஒட்டியே போகும். "காலைப் பார்த்துச் சுடு" என்று ஒரு ஜமேதார் கத்தினால் போதும். சுவர்மேல் குழலைச் சாய்த்து வைத்துச் சுடுகிறவனுக்குக் கையும் ஆடாது.

பாராமகால் வாசகன்

சீராக இருந்தால்! நம் பக்கத்து மலை ஊர்களில் எந்தச் சரிவு சீராக இருக்கிறது? கல் அடுக்கிய வரப்பு, அதன்மேல் ஒரு பட்டை நிலம், மறுபடி வரப்பு. ஒவ்வொரு வரப்பின் அடியிலும் உட்கார்ந்தால் மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. இன்னொன்று. கந்தாச்சாரக் காவலரிடம் இருந்தது பெரும்பாலும் திரித் துப்பாக்கி. திரியைக் கழற்றி, மருந்து போட்டு, மறுபடி மாட்டுவதற்குள் சிப்பாய் இரண்டு தடவை சுட்டிருப்பான். இரண்டு பேருக்கும் 4 பகடை கொடுத்திருப்பது தப்பு. காவலருக்கு 3 போதும்.

தெர்மாகோல் தச்சன் (ஊத்தங்கரை)

விதியை விடுங்க, மேசையைப் பாருங்க. அந்த ஐந்து ஆட்டத்தின் படத்திலும் ஊர்ச் சுவர் மேல்தளத்தின் விளிம்பிலேயே நிற்குது. போதாக்குறைக்கு "உயரத்தில் இருப்பவன் கீழே எல்லாத்தையும் பார்க்கலாம்"னு எடுத்துக்கிட்டு ஆடியிருக்கீங்க. அங்கதான் கும்பினி செத்தது.

நம்ம மேசை 25 மி.மீ. தெர்மாகோல் தகடு நாலு. கீழ்ப்பட்டை ஒரு தகடு, நடுப்பட்டை ரெண்டு, மேல்பட்டை மூணு, ஊர் நாலாவது. பட்டை ஒவ்வொண்ணும் 6 அங்குல அகலம். இப்போ சுவரை விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளுங்க. ஊருக்கு முன்னால நெல்லோ ராகியோ அடிக்கிற களம்னு வெச்சுக்கோங்க, 20 மீட்டர் நியாயமான அளவு. 15 மி.மீ. பொம்மையின் கண்ணிலிருந்து ஒரு தையல் நூலை விளிம்பைத் தொட்டுக் கீழே இழுங்க. 50 மி.மீ. போறதுக்குள் 15 மி.மீ. இறங்கும். அதே சாய்வில் போனா, படிக்கு அடியில் 33 மி.மீ. வரைக்கும் நிற்கிற பொம்மையின் தலை நூலுக்குக் கீழேயே இருக்கும். நம்ம கம்பெனி நிற்கிற அடிப்பலகை 60 க்கு 30 மி.மீ. முழுசா மறையும்! கீழே உள்ள படிகளில் இந்த மறைவு 5 செ.மீ. வரைக்கும் வருது.

3 அங்குல நகர்வில் ஏறுறவன் ஒரு சுற்று பட்டை நடுவில் வெளியே, அடுத்த சுற்று படி அடியில் மறைவு. 10 அங்குலத்துக்குள் அவன் வெளியே தெரியறது ரெண்டே தடவை: மேல்பட்டை நடுவில் ஒண்ணு, களத்தைத் தாண்டி ஓடும்போது ஒண்ணு.

கோட்டைமேடு

இதைத்தான் சொல்ல வந்தேன். தச்சன் கணக்குப்படி +1 வைத்தே 2 தடவைக்கு 12 உயிர் போகும், 12 மிஞ்சும். காவலரிடமும் 12. சமமான சண்டை! +1-ஐயும் எடுத்தால் 8 தான் போகும், 16 பேர் 12 பேரோடு மோதுவார்கள், ஊர் எட்டாம் சுற்றிலேயே விழுந்துவிடும். அதோடு வாசகன் ஐயா சொல்வதுபோல 3 பகடையாகவும் குறைத்தால் காவலர் எதற்கு நிற்க வேண்டும்? மூன்றையும் சேர்த்துச் செய்யாதீர்கள். மேசையைத் திருத்துங்கள், விதியைத் தொடாதீர்கள்.

பகடை ஆறு

நூல் பிடித்துப் பார்ப்பதும் விதி மாற்றம்தானே தம்பி, "மேலே இருப்பவன் எல்லாம் பார்ப்பான்" என்பதை எடுத்துவிடுகிறோமே. அது போகட்டும், தச்சன் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சுவரை உள்ளே தள்ளியதும் ஒரு வினை வரும். பீரங்கி கண்ணிழந்துவிடும். சரிவின் அடியிலிருந்து 7 அங்குலம் தள்ளி நிற்கிற பீரங்கிக்கும் சுவருக்கும் நடுவே மேல்தள விளிம்பு இருக்கிறது. பீரங்கிக் குழலிலிருந்து சுவரின் தலைக்கு நூல் இழுத்தால் விளிம்பில் முட்டுகிறது. 2 மீட்டர் சுவர் மொத்தமும் மறைந்துபோகிறது. கும்பினிக்கு ஒரு கையைக் கொடுத்து இன்னொரு கையை வெட்டினதாகிவிடும்.

தெர்மாகோல் தச்சன்

எதிரே ஒரு கரடு வைங்க. 3 தகடு உயரம், சுவரிலிருந்து 30 அங்குலம், மேசையின் கீழ் மூலையில். அங்கிருந்து நூல் இழுத்தா சுவரின் அடி அரை மீட்டர் மட்டும் மறையும், மேலே எல்லாம் தெரியும். பீரங்கியை ஆட்டம் தொடங்கும்போதே கரட்டின் மேல வெச்சிடணும், மாடு கட்டி ஏத்த 10 சுற்று பத்தாது. சொந்த ஆள் மேல்பட்டைக்கு வந்ததும் பீரங்கி நிறுத்தணும், குண்டு அவங்க தலையை உரசிட்டுப் போற உயரம் அது.

செய்யும்போது கவனிக்க வேண்டியது: தகடு ரெண்டையும் ஒட்ட ஃபெவிகாலை முழுசாப் பூசாதீங்க. ஓரம் காய்ஞ்சு காத்துப் போற வழி அடைபட்டு, நடுவில் நாள்கணக்கா ஈரமா நிற்கும், ஒரு மூலை தூக்கும்போது தகடு வழுக்கும். நாலு விரல் இடைவெளியில் கோடு கோடாப் பூசி, விளக்குமாற்று ஈர்க்குச்சியை 4 செ.மீ. நறுக்கி மேலிருந்து குத்தி இறுக்குங்க. ஸ்ப்ரே பெயின்ட் நேரா அடிச்சா தெர்மாகோல் கரைஞ்சு பள்ளம் விழும். முதலில் சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் ரெண்டு கை, அது காய்ஞ்சதும் ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதி, மேலே டீ வடிகட்டியில் சலிச்ச எம்-சாண்ட். செம்மண் நிறத்துக்குக் காவிப்பொடி. வரப்புக் கல்லுக்கு நம்ம ஊர் குவாரிச் சிப்ஸைவிட வேறெது பொருத்தம்! 4 மி.மீ.க்கு மேல இருக்கிறதைப் பொறுக்கி வெளியே எடுத்துடுங்க, பெருசா இருந்தா வரப்பு கோட்டை மதில் மாதிரி ஆயிடும். கூரைக்குப் பழைய பூத்துண்டை ஃபெவிகால் தண்ணியில் நனைச்சுப் போர்த்தி, சீப்பால கீழ்நோக்கி வாரிவிட்டா கீத்து மாதிரியே நிற்கும்.

பாராமகால் வாசகன்

கரடு நல்ல யோசனை. பீரங்கி சுவரை இடிக்கும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 6 பவுண்டர் மண்சுவரில் ஓட்டை போடும், சுவர் விழாது. உடைப்புக்கு 18, 24 பவுண்டர் வேண்டும். அதனால் பீரங்கி பலித்தால் அந்தச் சுற்றில் அந்தக் காவலர் கம்பெனிக்கு 2 பகடை குறைவு, தலை குனிந்திருக்கிறார்கள் என்று. அவ்வளவு போதும்.

இன்னொன்று, வெற்றி நிபந்தனை. கோயில் திடலில் நிற்க கும்பினிக்கு என்ன தேவை? 1791 மே மாதம் கும்பினிப் படைத்தலைவர் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல் வரை போய்விட்டு, இழுக்க மாடில்லாமல் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப்போட்டுத் திரும்பினார். மாடுதான் அந்தப் போரின் உயிர். ஊர் மந்தையில் 6 மாட்டுப் பலகை வையுங்கள். 4-ஐச் சரிவுக்குக் கீழே ஓட்டிவந்தால் வெற்றி. மாடு ஓட்டுகிற கம்பெனி சுட முடியாது, இறக்கத்திலும் 3 அங்குலம்தான். தருமபுரிப் பக்கம் நிற்கிற நடுகற்களில் எத்தனை கல் ஆநிரை மீட்டு விழுந்தவனுக்கு எடுத்தது! வெட்சியும் கரந்தையும் இந்த மண்ணில் கல்லிலேயே எழுதியிருக்க, நாம் திடலில் நின்று வெற்றி என்று ஆடிக்கொண்டிருக்கிறோம். ஊர் எல்லையில் ஒரு நடுகல்லையும் வையுங்கள், அதற்கு 4 அங்குலத்துக்குள் நிற்கும் காவலர் மன உறுதிச் சோதனையில் ஒரு தடவை மறுபடி போடலாம்.

பகடை ஆறு

மாடு விஷயம் எனக்கு முழுச் சம்மதம். ஓட்டிக்கொண்டு இறங்க வேண்டுமென்றால் 10 சுற்று பத்தாது, 14 வையுங்கள். நடுகல்லுக்கு மறுபகடை வேண்டாம் ஐயா. இரண்டு உயிர் போனதும் இரண்டு பகடையில் 7 வேண்டும், 36-ல் 21, ஏறக்குறைய 58 சதவீதம். மறுபடி போட விட்டால் அது 83-க்குப் போய்விடும். 7-க்குப் பதில் 6 போதும் என்று வையுங்கள், 72 சதவீதம்.

கோட்டைமேடு

72 சரி. ஆனால் +1 விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றக்கூடாது. முதலில் சுவர் உள்ளே, நூல், கரடு, மாடு. பகடை எண்ணிக்கையும் +1-ம் இப்போதுள்ளபடி. ஐந்து ஆட்டம். எந்தச் சுற்றில் எத்தனை உயிர் போனது, எந்தப் பட்டையில் போனது என்று எழுதுங்கள். அதன் பிறகும் கும்பினி ஒன்றுக்கு மேல் ஜெயிக்கவில்லை என்றால் சுடுவதற்கான +1-ஐ நானே எடுத்துவிடுகிறேன். சுவரோரக் கைச்சண்டைக்கான +1-ஐ மட்டும் தரமாட்டேன். மூச்சு வாங்க ஏறி வந்தவனும் சுவருக்குப் பின்னால் ஈட்டியோடு நிற்பவனும் சமம் கிடையாது.

பகடை ஆறு

கைச்சண்டை +1 இருக்கட்டும், அதை நான் கேட்கவே இல்லை. களத்தைத் தாண்டி ஓடும்போது காவலர் சுடுவது முழு 4 பகடையா, 2 பகடையா? 30 மீட்டர்கூட இல்லாத தூரம், திரித் துப்பாக்கி. ஏற்கெனவே மேல்பட்டையில் சுட்டவன் மறுபடி மருந்து போட்டிருப்பானா என்பதற்கு விதியில் பதில் இல்லை.

கோட்டைமேடு

நடுவில் ஒரு சுற்று மறைவு இருக்கிறதே அண்ணா, அந்த ஒரு நிமிடத்தில் போட்டிருப்பான். முழு 4. மறைவில் நிற்காமல் நேரே ஓடிவந்தால் 2.

தெர்மாகோல் தச்சன்

அப்போ நிற்கிறவனுக்கு நஷ்டம், ஓடுறவனுக்கு லாபம்னு ஆகுது. 3 அங்குல நகர்வில் மேல்பட்டை நடுவிலிருந்து ஒரே மூச்சில் சுவர் வரைக்கும் 5 அங்குலம் எப்படி ஓடுவான்? பாயும் நகர்வுக்கு ஒரு பகடை கூட்டிப் போடுங்க: 3 அங்குலம், அதோட பகடை எண்ணில் பாதி. 4க்குக் கீழே விழுந்தா களத்து விளிம்பிலேயே மூச்சிரைச்சு நிற்கணும், நூலுக்கு முழுசாத் தெரியற இடத்தில்.

கரட்டுக்குத் தகடு வெட்டியாச்சு. எமல்ஷன் காய ஒரு ராத்திரி.