கை நடுக்கம்: அழைப்பை எடுக்க வழி உண்டா?

அப்பாவுக்கு எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்க நோய். கை சும்மா இருக்கும்போது நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. விரல் திரையை நெருங்கினால்தான் ஆட்டம். ஆண்ட்ராய்டு 14 போன். போன வருடக் கடைசியிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவே முடிவதில்லை. பச்சை வட்டத்தை மேலே தள்ளும்போது விரல் பாதியில் துள்ளுகிறது, அழைப்பு கட்டாகிவிடுகிறது.

தொட்டுப் பிடிக்கும் நேரத்தை அமைப்புகளில் கூட்டினேன். ஐகான்கள் இடம் மாறுவது நின்றது, அவ்வளவுதான். திரையைத் தள்ளி நகர்வதற்குப் பதில் கீழே மூன்று பட்டன் வைத்ததும் நல்ல பலன். குரல் கட்டளை சரிப்படவில்லை, குரலும் நடுங்குகிறதே. ஸ்டைலஸ் (திரையைத் தொடும் பேனா) இன்னும் மோசம். அழைப்பைத் தானாக எடுக்கும் வசதி வேண்டாமாம். யாரென்று பார்க்காமல் பேசமாட்டார். அதுவும் நியாயம்தான்.

தள்ளாமல், ஒரே தட்டில் அழைப்பை எடுக்கவைக்கும் அமைப்போ செயலியோ யாராவது பயன்படுத்துகிறீர்களா?