புதுப்பிப்பு: சமூக ஊடகமும் இளைஞர் நட்பும் – நேரக் கணக்கு பற்றிய என் கேள்வி

ஒரு நாளில் எவ்வளவு நேரம் இன்ஸ்டாகிராம் பார்க்கிறார்கள் என்று கல்லூரி மாணவர்கள் சொல்வதை, நட்பு பற்றிய என் ஆய்வேட்டில் அப்படியே நம்பலாமா என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

நினைவிலிருந்து கேட்காமல், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒவ்வொரு செயலியிலும் செலவிட்ட நேரத்தைக் காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங் பக்கத்தைத் திறந்து பார்த்து எழுதச் சொல்லும் யோசனையே கைகொடுத்தது. ஐபோனில் அது ஸ்கிரீன் டைம். சொல்லும் நேரமும் கருவியில் பதிவாகும் நேரமும் ஓரளவே ஒத்துப்போகின்றன என்று 2021இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் வந்த, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு காட்டியதை, என் படிவங்களிலும் கண்டேன். மடிக்கணினியில் செலவிட்ட நேரம் பொதுவாக அந்தப் பக்கத்தில் சேராது; அதைத் தனியே கேளுங்கள்.

எதிர்பாராதது வேறு. பள்ளித் தோழியோடு மாதக்கணக்கில் பேசாத ஒரு மாணவி, இரவுதோறும் இருவரும் மாறி மாறி அனுப்பிய ரீல்களைக் காட்டி, "இதுதான் எங்கள் நலம் விசாரிப்பு" என்றார். அதற்குப் பிறகு, யாருக்கு அனுப்புகிறீர்கள் என்ற கேள்வியையும் படிவத்தில் சேர்த்துவிட்டேன்.