‘அந்தாரே’ என்ற இத்தாலிய வினைச்சொல்லை எப்படி மனதில் நிறுத்துவது?

நிலாமுற்றம்

எல்லோருக்கும் வணக்கம். நான் இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோவில் இருக்கிறேன், வந்து பத்து வருடம் முடிந்துவிட்டது. வயதான ஓர் அம்மாவை வீட்டோடு பார்த்துக்கொள்ளும் வேலை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இத்தாலிய மொழியில் பி1 நிலைச் சான்றிதழ் வேண்டும், 2018க்குப் பிறகு பெரும்பாலானோருக்கு அது இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதனால் வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வந்த இத்தாலியம் எல்லாம் காதால் வந்தது. சந்தையில், பஸ்ஸில், மருந்துக்கடையில் பேசிச் சமாளித்துவிடுவேன். எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடுகிறது. அதிலும் ‘போ’ என்பதற்கான அந்தாரே. வாதோ, வாய், வா என்று ஒரு மாதிரி தொடங்கி, நடுவில் அந்தியாமோ, அந்தாத்தே என்று வேறு சொல்லாகி, கடைசியில் மறுபடி வன்னோ என்று முடிகிறது. இது நிகழ்காலம் மட்டும். இன்னும் ஏழெட்டு அட்டவணை இருக்கிறது. போன வாரம் திரும்பி வந்த கட்டுரையில் ‘போனேன்’ என்பதற்கு ‘ஓ அந்தாத்தோ’ என்று நான் எழுதிய நான்கு இடத்திலும் சிவப்பு வட்டம்.

இன்னொன்றும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. டாக்டர் வீட்டுக்கு வந்தபோது, அந்த அறைக்குப் போங்கள் என்று மரியாதையாகச் சொல்ல நினைத்து ‘வாய்’ என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா படுக்கையில் இருந்தபடியே மெதுவாக ‘வாதா, வாதா’ என்று திருத்தினார். டாக்டரைப் பார்த்து ‘நீ போ’ என்று சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொல்கிறாள், ஏன் என்று கேட்டால் ‘அது அப்படித்தான் அம்மா’ என்கிறாள். யாராவது காரணத்தோடு சொல்லித் தருவீர்களா?

மேசைவிளக்கு

அக்கா, உங்கள் மகள் சொல்வது சரியான பதில்தான். நீங்கள் அவளுக்கு ‘வா, வருகிறேன், வந்தேன்’ சொல்லிக்கொடுத்தபோது, வா ஏன் வரு ஆனது, வரு ஏன் வந்து ஆனது என்று அவள் கேட்டிருந்தால் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். தினமும் ஆயிரம் தடவை வாயில் புழங்கும் சொற்கள்தான் எந்த மொழியிலும் விதிக்கு அடங்காமல் நிற்கும்.

ஆனால் அந்தாரேவுக்குக் காரணம் இருக்கிறது. அது ஒரு வினை இல்லை, இரண்டு. லத்தீனில் ‘வாதெரே’ என்று ஒரு சொல் இருந்தது, போவது என்றுதான் பொருள். வாதோ, வாய், வா, வன்னோ எல்லாம் அதன் பிள்ளைகள். அந்தியாமோ, அந்தாத்தே இன்னொரு வேரிலிருந்து வந்தவை. இரண்டும் ஒரே வீட்டில் குடியேறி வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன.

எப்படிப் பங்கு போட்டன என்பதைப் பிடித்துவிட்டால் பாதி அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடலாம். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அந்தியாமோ என்னும்போது அழுத்தம் ‘யா’வில், அந்தாத்தே என்னும்போது ‘தா’வில், அதாவது விகுதியில். வாதோ, வன்னோ சொல்லும்போது அழுத்தம் முதல் எழுத்திலேயே விழுகிறது. அழுத்தம் வேரில் விழ வேண்டிய இடத்தில் மட்டும் ‘வா’ வரும், விகுதிக்கு நகர்ந்துவிட்டால் ‘அந்த்’ வரும். இவ்வளவுதான் விதி.

விருப்பம், சந்தேகம் போன்றவற்றைச் சொல்லும் வடிவமான கொஞ்ஜுந்தீவோவிலும் இதே கதை. ‘நீ போக வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதற்கு வொலியோ கே தூ வாதா. நான், நீ, அவர் மூன்றுக்கும் வாதா, அவர்களுக்கு வாதனோ. நாம், நீங்களெல்லாம் வரும்போது அந்தியாமோ, அந்தியாத்தே. வாதனோவில் அழுத்தம் ‘வா’வில், ‘வாதானோ’ என்று நீட்டிவிடாதீர்கள். ஏவல் வினையிலும் அப்படியே. இந்த மூன்று இடத்தைத் தாண்டினால் ‘வா’ எங்குமே கிடையாது.

மிச்சம் இருப்பதில், முன்பு வழக்கமாக நடந்ததைச் சொல்லும் இறந்தகாலமான இம்பெர்ஃபெத்தோ முழுக்க ஒழுங்கு: அந்தாவோ, அந்தாவி, அந்தாவா, அந்தவாமோ, அந்தவாத்தே, அந்தாவனோ. ‘பேசு’ என்பதற்கான பார்லாரேயைப் படித்தவர் இதைத் தனியாகப் படிக்கவே வேண்டாம். உங்களை மிரட்டும் ஏழெட்டு அட்டவணையில் பெரும்பாலானவை இப்படித்தான்.

தெற்குவாசல்

நான் தொரினோவில் இருக்கிறேன். ‘ஓ அந்தாத்தோ’வைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் நானும் இரண்டு வருடம் அடிபட்டேன்.

சாப்பிட்டேன் என்றால் ஓ மஞ்ஜாத்தோ, அங்கே துணைவினை ‘அவெரே’. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகரும் போ, வா, வந்துசேர், புறப்படு போன்ற வினைகளுக்குத் துணைவினை ‘எஸ்ஸெரே’. ஆகவே சோனோ அந்தாத்தோ. ஆனால் நீங்கள் பெண் என்பதால் அதுவும் தப்பு, சோனோ அந்தாத்தா என்று எழுத வேண்டும்! தமிழில் போனான், போனாள் என்று படர்க்கையில்தான் ஆண் பெண் பார்ப்போம், ‘நான் போனேன்’ என்பதில் யார் பேசுகிறார் என்று தெரியாது. இத்தாலியத்தில் ‘நான்’ சொல்லும்போதே தெரிந்துவிடும். பெண்கள் மட்டும் சேர்ந்து போனால் சியாமோ அந்தாத்தே, கூட்டத்தில் ஒரே ஓர் ஆண் இருந்தாலும் சியாமோ அந்தாத்தி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனாலும் தேர்வில் அப்படித்தான் எழுத வேண்டும்.

சோனோ அந்தாத்தாவுக்கும் அந்தாவோவுக்கும் வித்தியாசம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி சாந்தா ரொசாலியா கோயிலுக்குப் போவார்களே. ‘முன்பெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் போவேன்’ என்றால் அந்தாவோ. ‘போன ஞாயிறு போனேன்’ என்றால் சோனோ அந்தாத்தா. பழக்கமாக நடந்தது ஒன்று, ஒரு தடவை நடந்து முடிந்தது இன்னொன்று. தமிழில் பழைய பழக்கத்தை ‘போவேன்’ என்று எதிர்கால வடிவத்திலேயே சொல்லிவிடுகிறோம், அதனால்தான் நமக்கு இம்பெர்ஃபெத்தோ எங்கே போடுவது என்று தடுமாறுகிறது.

அப்புறம் சிசிலியில் இருப்பதால் உங்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். அங்கே காலையில் நடந்ததைக்கூட, வெகுகாலம் முன்பு நடந்ததைச் சொல்லும் பஸ்ஸாத்தோ ரெமோத்தோவில் சொல்வார்கள்: அந்தாய் அல் மெர்காத்தோ (சந்தைக்குப் போனேன்). எங்கள் பக்கம் வடக்கில் அந்த வடிவம் பேச்சில் வருவதே இல்லை, கதைப் புத்தகத்தில்தான் பார்ப்போம். தேர்வுக்கு இன்று, நேற்று நடந்ததைப் பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோவில், அதாவது சோனோ அந்தாத்தா வடிவத்தில் எழுதுங்கள், பாதுகாப்பு. ரெமோத்தோவைப் படித்தால் புரிந்தால் போதும்: அந்தாய், அந்தஸ்தி, அந்தோ, அந்தம்மோ, அந்தஸ்தே, அந்தாரொனோ. ‘அவன் போனான்’ என்பதற்கு ‘அந்தோ’ என்று வருவதை ஒரு தமிழர் மறக்கவே முடியாது.

நிலாமுற்றம்

தெற்குவாசல் அண்ணா, மேசைவிளக்கு, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அழுத்தம் பற்றிச் சொன்னதைச் சமையலறையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், உண்மைதான்! பத்து வருடமாகக் காதில் விழுந்தும் கவனிக்கவில்லை.

எதிர்காலத்தில் ஒரு சந்தேகம். சாப்பிடப் போகிறேன் என்பதற்கு வாதோ அ மஞ்ஜாரே என்றுதான் இவ்வளவு நாளும் சொல்கிறேன். நாளை மழை பெய்யப் போகிறது என்பதையும் அப்படியே எழுதினேன், அதற்கும் வட்டம்.

மேசைவிளக்கு

இது தமிழர்கள் எல்லோரும் விழும் குழி. நமக்கு ‘பெய்யப் போகிறது’ என்றால் யாரும் எங்கும் போகவில்லை, இனி நடக்கும் என்று மட்டுமே பொருள். இத்தாலியத்தில் வாதோ அ மஞ்ஜாரே என்றால் நிஜமாகவே எழுந்து நடந்து சாப்பிடப் போக வேண்டும். மழை எழுந்து போகாது. இதோ பெய்யப் போகிறது என்றால் ஸ்தா பெர் பியோவெரே, நாளை பெய்யும் என்றால் தொமானி பியொவெரா.

அந்தாரேவின் சொந்த எதிர்காலத்தில் நடுவில் இருக்கும் உயிர் விழுந்துவிடும்: அந்த்ரோ, அந்த்ராய், அந்த்ரா, அந்த்ரேமோ, அந்த்ரேத்தே, அந்த்ரன்னோ. இந்த ‘அந்த்ர்’ என்ற உடம்பை அப்படியே எடுத்து வேறு வால் ஒட்டினால் ‘இப்படியானால் போவேன்’ என்னும் நிபந்தனை வடிவமான கொந்தித்ஸியோனாலே வந்துவிடும்: அந்த்ரெய், அந்த்ரெஸ்தி, அந்த்ரெப்பே, அந்த்ரெம்மோ, அந்த்ரெஸ்தே, அந்த்ரெப்பெரோ. அந்த்ரெப்பேயில் வரும் ‘ப்ப’வை அப்பம் போலச் சொல்லாமல் பம்பரத்தின் நடு எழுத்துப் போல, ஆனால் அழுத்திச் சொல்லுங்கள்.

இதில் அந்த்ரேமோ, அந்த்ரெம்மோ இரண்டையும் கவனியுங்கள். ‘ம’ ஒன்று என்றால் ‘போவோம்’, இரட்டித்தால் ‘முடிந்தால் போவோம், போகலாம் என்றிருக்கிறது’. மற்ற நாட்டுக்காரர்கள் பலர் இந்த இரட்டிப்பு காதில் விழாமல் திண்டாடுவார்கள். நமக்குப் புளியும் புள்ளியும், பலியும் பல்லியும் சின்ன வயதிலிருந்தே வேறு வேறு. இது நம் கையில் இருக்கும் சொத்து, விட்டுவிடாதீர்கள்.

கொந்தித்ஸியோனாலே பெரும்பாலும் ‘ஆல்’ வாக்கியத்தோடு வரும். தமிழில் ‘நேரம் இருந்தால் போவேன்’ என்று ஒரே மாதிரிதான் சொல்வோம், நேரம் கிடைக்கலாமா, கிடைக்கவே கிடைக்காதா என்பது குரலில்தான் தெரியும். இத்தாலியம் அதைப் பிரித்துவிடுகிறது. கிடைக்கலாம் என்றால் ஸே ஓ தெம்போ, வாதோ. கிடைக்காது, ஆசை மட்டும் என்றால் ஸே அவெஸ்ஸி தெம்போ, அந்த்ரெய். ‘இருந்திருந்தால் போயிருப்பேன்’ என்பதற்கு ஸே அவெஸ்ஸி அவூத்தோ தெம்போ, சரெய் அந்தாத்தா. கடைசியில் ‘தா’, நீங்கள் பெண் என்பதை இங்கேயும் மறக்கக் கூடாது. ‘ஆல்’ பொருள் தரும் ‘ஸே’க்குப் பின்னால் நேராக அந்த்ரெய், அவ்ரெய் போன்ற கொந்தித்ஸியோனாலே வடிவங்களைப் போட்டுவிடாதீர்கள், இத்தாலியர்களே செய்யும் பிழை அது, அவர்கள் பள்ளியிலும் வட்டம் போடுகிறார்கள்.

‘நான் போனால்’ என்று கற்பனையாகச் சொல்ல ஸே அந்தஸ்ஸி. அந்தஸ்ஸி, அந்தஸ்ஸி, அந்தஸ்ஸே, அந்தஸ்ஸிமோ, அந்தஸ்தே, அந்தஸ்ஸெரோ. இதுவும் ஒழுங்குதான்.

கைவிளக்கு

டாக்டர் விஷயத்தை யாரும் தொடவில்லையே. மனதில் வைத்துக்கொண்டு வருந்தாதீர்கள், இத்தனை வருடம் வேலை பார்க்கும் ஒருவர் அவமரியாதையாகச் சொல்லவில்லை என்பது அந்த டாக்டருக்குப் புரிந்திருக்கும்.

நீ போ என்றால் வாய், அல்லது குறுக்கி வா. (இத்தாலிய ‘வா’ போகச் சொல்கிறது, நம் ‘வா’ வரச் சொல்கிறது. என் அம்மா முதல்முறை வந்தபோது யாரோ யாரையோ ‘வா, வா’ என்று விரட்டியதைக் கேட்டு, ஏன் இவ்வளவு கோபமாக அழைக்கிறார்கள் என்று கேட்டார்.) மரியாதையாகப் போங்கள் என்றால் வாதா. அது கொஞ்ஜுந்தீவோவிலிருந்து கடன் வாங்கியது, நேரே முகத்தில் அடித்தாற்போல ஏவாமல் ‘அவர் போகட்டும்’ என்று படர்க்கையில் நகர்த்திச் சொல்வது. அதனால்தான் அதில் மரியாதை. போகாதே என்றால் நொன் அந்தாரே, போகாதீர்கள் என்றால் நொன் வாதா. சேர்ந்து போவோம் என்பது அந்தியாமோ, ஆனால் பலேர்மோவில் உங்களுக்கு ‘அமுனீ’ தான் அதிகம் காதில் விழும். அது சிசிலிய மொழி, தேர்வில் எழுத வேண்டாம்.

குறுக்கிய ‘வா’வோடு ஒட்டுச்சொல் சேர்ந்தால் அடுத்த மெய் இரட்டிக்கும். அங்கே போ: வச்சி. இங்கிருந்து போய்விடு: வத்தெனே. தம்மி (எனக்குக் கொடு), திம்மி (எனக்குச் சொல்), ஃபம்மி (எனக்குச் செய்) எல்லாம் இந்தக் குடும்பம்தான். வத்தெனே கடுமையான சொல், கவனமாக இருங்கள்.

இன்னொரு பயன், உங்கள் வேலைக்குத் தினமும் தேவை. மருந்து பற்றிச் சொல்லும்போது ‘வா ப்ரேசா தோப்போ இ பாஸ்தி’ என்று வரும். மாத்திரை எங்கேயும் போகவில்லை. ‘வா’வோடு இறந்தகால எச்சம் சேர்ந்தால் ‘கட்டாயம் செய்யப்பட வேண்டும்’ என்று பொருள், ஆகவே சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும். இதைப் போகிற வினை என்று நினைத்துக் குழம்பிய ஒருவரை எனக்குத் தெரியும்.

நிலாமுற்றம்

கைவிளக்கு அக்கா, உண்மையில் அந்த மருந்து வாக்கியத்தை நான் தினமும் கேட்கிறேன், அர்த்தம் தெரியும், ஆனால் அதில் இருப்பது இதே அந்தாரே என்று இன்றுதான் தெரிகிறது.

இன்றிரவு அந்த அம்மா தூங்கியதும் ஐந்து வாக்கியம் எழுதினேன், பார்த்துச் சொல்லுங்கள்.

இயெரி சோனோ அந்தாத்தா தல் மேதிகோ கொன் லா சிஞ்ஞோரா. (நேற்று அந்த அம்மாவோடு டாக்டரிடம் போனேன்.)
தொமானி அந்த்ரேமோ அல் மெர்காத்தோ. (நாளை சந்தைக்குப் போவோம்.)
ஸே அவெஸ்ஸி தெம்போ, அந்த்ரெய் அ சிராகூசா. (நேரம் இருந்தால் சிராகூசாவுக்குப் போவேன்.)
தொத்தோரே, வாதா பூரே. (டாக்டர், போங்கள்.)
தொமேனிகா யோ எ மியா ஃபீலியா சியாமோ அந்தாத்தி அ மொந்தே பெல்லெக்ரீனோ. (ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளும் மொந்தே பெல்லெக்ரீனோவுக்குப் போனோம்.)

தெற்குவாசல்

நான்கு சரி. டாக்டருக்குச் சொன்னதில் ‘பூரே’ சேர்த்தது மிக அழகு, ‘தாராளமாகப் போங்கள்’ என்ற தொனி வந்துவிட்டது. கடைசி வாக்கியத்தை மறுபடி பாருங்கள். உங்கள் கணவரும் கூட வந்தாரா?

நிலாமுற்றம்

இல்லை, அவருக்கு அன்று வேலை. நானும் மகளும் மட்டும்தான். அப்படியென்றால் சியாமோ அந்தாத்தே.