மேற்கோள் வேண்டாம், சுட்டுகை என்போம்

வணக்கம்.

ஆய்வுக் கட்டுரையில் இன்னொருவர் கட்டுரையைக் குறிப்பிடுவதை ஆங்கிலத்தில் சைட்டேஷன் (citation) என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் விவாதத்தில், 'மேற்கோள்' போதும் என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. மேற்கோள் என்றால் ஒருவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எடுத்துக்காட்டுவது. ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. ஒரு வரி எழுதி, அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.

அதே விவாதத்தில் ஓர் அம்மா சொன்ன 'சான்று காட்டல்' இன்னும் சிக்கல். சான்று என்றாலே ஏற்றுக்கொண்டதாகப் பொருள் வந்துவிடும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 கட்டுரையைப் பாருங்கள். ஆராய்ந்தது வெறும் 12 குழந்தைகளை. 2010இல் அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே திரும்பப் பெற்றது. அதைக் குறிப்பிட்டவர்களில் பெரும்பாலோர் மறுக்கத்தான் குறிப்பிட்டார்கள். ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது, அவர் கட்டுரையை எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் தேர்வுக் குழுவுக்கு இது எப்படித் தெரியும்?

அதனால்தான் 'சுட்டுகை' என்கிறேன். பாராட்டா கண்டனமா என்று சொல்லாமல், இன்னார் கட்டுரை என்று காட்டுவதோடு அது நின்றுவிடும். சுட்டும் கட்டுரை, சுட்டப்பட்ட கட்டுரை, தற்சுட்டுகை (தன் கட்டுரையைத் தானே சுட்டுவது) என்று வினையாகவும் பெயராகவும் எளிதாக விரியும். பேச்சில் 'சுட்டுட்டான்' என்றால் திருடினான் ஆகிவிடுமே என்ற தயக்கம் நியாயம்தான். ஆனால் அது 'சுடு' என்ற வினை. அதில் 'சுட்டார்' என்று வரும். இதில் 'சுட்டினார்'. 'சுட்டுகை' என்று முழுதாக எழுதினால் குழப்பம் வராது.

அப்புறம், அதிகம் சுட்டப்படுவதற்கும் மக்களிடம் பேர் வாங்குவதற்கும் 'புகழ்' என்ற ஒரே சொல்லைப் போடாதீர்கள். புரத அளவைக் கணக்கிடும் முறை பற்றி லௌரி குழுவினர் 1951இல் எழுதிய கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் சுட்டுகைகள். உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அந்தப் பெயரைத் தெரியாதவர் அரிது. வெளியே கேட்டால் யார் அவர் என்பார்கள். இதற்குத் 'துறைமதிப்பு' என்று வைக்கலாம். மக்களிடம் கிடைப்பது 'பொதுப்புகழ்'. இரண்டும் ஒத்துப்போக வேண்டியதில்லை. 2014இல் மரபணு ஆய்வாளர் நீல் ஹால், அறிவியலாளர்களை ட்விட்டரில் பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையையும் அவர்களுடைய சுட்டுகைகளையும் ஒப்பிட்டு, தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் பெயரில் 'கர்தாஷியன் குறியீடு' என்று எழுதியது இந்த இடைவெளியைப் பற்றித்தான். அவர் வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனாலும் இடைவெளி உண்மை.

இன்னொன்று பாக்கி. நியூட்டனின் விதியைப் பயன்படுத்துபவர் யாரும் அவருடைய நூலைச் சுட்டுவதில்லை. ஒரு கருத்து எல்லோருக்கும் பொதுவாகிப்போனதால் மூலவரைச் சுட்டுவதே நின்றுவிடும் இந்த நிலைக்கு, சமூகவியலாளர் மெர்ட்டன் ஆங்கிலத்தில் 'obliteration by incorporation' என்று பெயர் வைத்திருக்கிறார். தமிழில் 'உட்கரைதல்' என்று எழுதிப் பார்த்தேன். கரைந்துபோவது கருத்தல்ல, சுட்டுகைதான் என்பது அதில் தெளிவாக வரவில்லை. இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.