மறுநிரப்பிய ரவையைச் சுட்டபின் .303 லீ-என்ஃபீல்டின் போல்ட் இறுகுகிறது

கேள்வி

வணக்கம். ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்யப்பட்ட நாலாம் இலக்க லீ-என்ஃபீல்ட் ரைபிளைப் பயன்படுத்துகிறேன். கடையில் வாங்கிய ரவையை (தோட்டாவை)ச் சுட்டால், ரைபிளின் பின்புறத்தை மூடும் போல்ட் விரலாலேயே திறக்கிறது. அதே கோதுகளில் (சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடுகளில்) நான் வெடிமருந்து நிரப்பிச் சுட்டாலோ, கைப்பிடியை உள்ளங்கையால் அடித்துத்தான் தூக்க வேண்டியிருக்கிறது. மருந்து, கையேட்டில் உள்ள தொடக்க அளவுதான், கோதின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரும் தட்டையாகவில்லை. ரவை உட்காரும் சேம்பரைத் துடைத்தும் மாற்றமில்லை. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1

தம்பி, காரணம் தெரியும்வரை மிச்ச ரவைகளைச் சுட வேண்டாம். லீ-என்ஃபீல்டில் போல்ட்டை மூடும்போதுதான் சுடும் ஊசியின் சுருள்வில் இறுகும். திறக்கும்போது அதன் பாரம் கைக்கு வராது. ஆகவே திறப்பதில் தெரியும் இறுக்கம், கோது சேம்பரில் பிடித்துக்கொண்டதாலோ அழுத்தம் கூடியதாலோ வருவதே. ப்ரைமர் தட்டையாகவில்லை என்பதை நம்பி ஆறுதல் அடையாதீர்கள். அழுத்தம் மிகுந்தும் அது உருண்டையாகவே இருப்பதுண்டு.

மருந்தும் ப்ரைமரும் இல்லாத போலி ரவை ஒன்றைச் செய்து, போல்ட்டை மூடித் திறந்து பாருங்கள். அதிலேயே இறுக்கம் இருந்தால், ரவையின் நீள அகலங்களில்தான் குறை. சுட்டபின் மட்டும் இருந்தால் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். சில வேளைகளில் முதலாவதே இரண்டாவதற்குக் காரணமாகிவிடும். கோதின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள்.

மறுமொழி 2

விரிந்த கோதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர அச்சில் அழுத்தும்போது பூசிய எண்ணெயைக் கோதிலிருந்து முற்றாகத் துடைக்கிறீர்களா? எண்ணெய்ப் பசை இருந்தால் கோது சேம்பர்ச் சுவரைப் பற்றாமல் பின்னோக்கித் தள்ளும். அந்த விசை முழுவதும் போல்ட்டின் மேல் விழும். இந்த ரைபிளில் போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் காதுகள் பின்புறத்தில் இருப்பதால், போல்ட்டும் உடலும் சற்று நெகிழ்ந்து கொடுக்க, கோது நீண்டுவிடும்.

கேட்டவர்

நன்றி அண்ணா. எண்ணெயைத் துடைத்தே நிரப்புகிறேன். போலி ரவையை வைத்து மூடும்போது கடைசிச் சிறு தூரத்தில் லேசான தடை தெரிகிறது. கோதின் நீளம் 56.7 மி.மீ. இன்னொன்றையும் கவனித்தேன்: சுட்ட கோதின் வாயில் புதிய சன்னத்தை (பாய்ந்து செல்லும் குண்டை) வைத்தால் அது உள்ளே வழுக்கி இறங்காமல் வாயிலேயே நிற்கிறது.

மறுமொழி 1

சன்னம் இறங்காததே போதிய விடை. .303 கோதின் உச்ச நீளம் 56.44 மி.மீ.; உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. வெடிக்கும்போது கழுத்து விரிந்து சன்னத்தை விட வேண்டும். வாய் சேம்பரின் முனையில் முட்டிக்கொண்டால் விரிய இடமின்றிச் சன்னத்தை நெரிக்கும். அதனால் தொடக்க அளவு மருந்திலும் அழுத்தம் ஏறும். கடை ரவையின் கோது இன்னும் நீளாதது, ஆகவே அது சிக்கவில்லை.

நிரப்பிய ரவைகளின் சன்னங்களை அதற்குரிய கருவியால் கழற்றிவிடுங்கள். கோதுகளை 56.18 மி.மீ. அளவுக்கு வெட்டி, வாயின் உள்ளும் வெளியும் உள்ள பிசிரை நீக்குங்கள். அதற்குமுன், நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கோதினுள் விட்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவரைத் தடவிப் பாருங்கள். பள்ளமாகத் தட்டுப்பட்டால், அல்லது வெளியே அந்த இடத்தில் பளிச்சென்ற வளையம் தெரிந்தால், அந்தக் கோதை வெட்டிப் பயனில்லை. அடி பிய்ந்து போகும், எறிந்துவிடுங்கள்.

இனி, கழுத்தை மட்டும் அச்சில் அழுத்துவதே நல்லது. இந்த ரவை அதன் அடி விளிம்பில் தங்கி நிற்பதால், கழுத்துக்குக் கீழே சரியும் தோளை முழுவதும் பின்தள்ளத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் தள்ளினால் பித்தளை முன்னோக்கி ஓடி மீண்டும் நீளும். போல்ட்டின் முனையில் மாட்டும் தலையை, பெரிய இலக்கமுள்ள (நீளம் கூடிய) ஒன்றாக மாற்றச் சிலர் சொல்வார்கள். உங்கள் சிக்கலுக்கு அது மருந்தல்ல. வெட்டிய கோதுகளில் தொடக்க அளவிலேயே நிரப்பிச் சுட்டும் இறுகினால், ரைபிளைத் துப்பாக்கித் திருத்துநரிடம் கொடுத்துச் சேம்பரை அளக்கச் சொல்லுங்கள்.