கடைசி மைலுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மட்டக்களப்பிலிருந்து, திங்கள்:
எதிர்கால நகரப் போக்குவரத்துப் பற்றிய கைந்நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ரயிலோ பஸ்ஸோ இறக்கிவிட்ட இடத்திலிருந்து வீடு வரை மிஞ்சும் துண்டுத் தூரத்தை ‘லாஸ்ட் மைல்’ என்கிறார்கள். மின்சார ஓட்டோ, வாடகைச் சைக்கிள், ஆப்பில் கூப்பிடும் சின்ன வேன் எல்லாம் இந்தத் துண்டுக்காகத்தான். இது சரிவராவிட்டால் சனம் பஸ்ஸை விட்டுச் சொந்த மோட்டார் சைக்கிளில்தான் போகும் என்கிறது நூல். ‘இறுதி மைல்’ என்று போட்டேன், மனம் ஒப்பவில்லை.

கல்முனையிலிருந்து:
தம்பி, ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. எங்களுக்குக் கடைசி மைலே ஏறத்தாழ 25 மைல்! அது கிடக்கட்டும். மைலை நம் ஆட்கள் எப்போதோ ‘கட்டை’ ஆக்கிவிட்டார்கள். ‘கடைசிக் கட்டை’ என்று போடுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
கடைசிக் கட்டை சுடலையில் அடுக்குவது, அண்ணன். வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘கடைவழி’ எப்படி? கடை என்றால் முடிவு.

வாழைச்சேனையிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
பட்டினத்தாரை மறந்தாயிற்றா? காதற்ற ஊசியும் கூட வராத வழி அது. ஓட்டோ எப்படி வரும்? ‘வீடுசேர் பயணம்’ என்க.

மட்டக்களப்பிலிருந்து:
ஐயா, அறம் பொருள் இன்பத்துக்குப் பிறகு வரும் வீடா?

அக்கரைப்பற்றிலிருந்து:
‘கடைசி’ என்று தொடங்கினால் தமிழ் நம்மைச் சுடலைக்குத்தான் கூட்டிப்போகிறது. அதோடு, காலையில் வேலைக்குப் போகும்போது இதே தூரம் முதல் துண்டு அல்லவா? ஆங்கிலப் பெயரே அரைகுறை. ஓட்டோக்காரரிடம் நாங்கள் சொல்வது “கடப்படியில இறக்கிவிடுங்க” என்றுதான். கடப்பு என்றால் வேலியில் உள்ள நுழைவழி. ‘கடப்படிப் பயணம்’ போடுங்கள். கட என்ற வினையிலிருந்து வந்த சொல், தூய தமிழ்க்காரரும் குறை சொல்ல முடியாது.

மட்டக்களப்பிலிருந்து:
அருமைதான், அக்கா. ஆனால் நூல் மலையகத்துக்கும் கொழும்புக்கும் போகிறது. அங்கே யாருக்குக் கடப்பு தெரியும்?

கல்முனையிலிருந்து:
குருமண்வெளித் துறையில் ‘பாதை’ என்றால் தண்ணீரில் மிதப்பது. அதில் ஏறித்தான் மண்டூருக்குப் போயிருக்கிறோம். வெளியூரார் ரோட்டைத் தேடி முழித்தார்கள் என்பதற்காக யாரும் பெயரை மாற்றவில்லையே.

வாழைச்சேனையிலிருந்து:
அந்தப் பாதை ‘படகு’ என்பதன் திரிபோ என்று எனக்கு நெடுநாள் ஐயம். படகு, படவு, பாதை... தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். இங்கே தேவையானது ‘முன்றில்’. இல்முன் என்பது முன்றில் ஆனது, இலக்கணப்போலி. ‘முன்றில்வழி’.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:
பத்தாம் வகுப்புப் பிள்ளை இதை வாசிக்க வேண்டும், சேர். ‘வாசல்வழிப் பயணம்’ போதும்.

மட்டக்களப்பிலிருந்து, வியாழன் இரவு:
வாசலுக்கு மூன்று பேர், கடப்படிக்கு இரண்டு பேர். ‘வாசல்வழிப் பயணம்’ என்றே அனுப்புகிறேன். கண் எரிகிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:
கடப்பு வேலியில் இருப்பது, வாசல் வீட்டில் இருப்பது. என் ஓட்டோ இன்னும் ரோட்டில்தான் நிற்கிறது. எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து:
வாசல் என்பது மரூஉ. ‘வாயில்வழி’ என்றாவது திருத்துக.

மட்டக்களப்பிலிருந்து:
அது மருந்துச் சீட்டுப் போல இருக்கிறது, ஐயா. கோப்பு போய்விட்டது.