கார்பல் டனல் ஆபரேஷன்: டொராண்டோவில் காத்திருப்பதா, கோயம்புத்தூர் போவதா?

ஸ்கார்பரோக்காரி:
ராத்திரியில் வலது கைப் பெருவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போய் தூக்கமே போச்சு. நரம்புப் பரிசோதனை எடுத்து, மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிற கார்பல் டனல் என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் சர்ஜனைப் பார்க்கவே பல மாதம் ஆகுமாம். டிசம்பரில் எப்படியும் கோயம்புத்தூரில் அம்மா வீட்டில் மூன்று வாரம் இருப்பேன், விசா இல்லாமல் இந்தியா போய்வர ஓசிஐ கார்டு இருக்கிறது. கங்கா ஆஸ்பத்திரியில் முடித்துக்கொண்டு வந்துவிடலாமா?

பீளமேட்டான்:
தாராளமாக. கை ஆபரேஷனுக்கு கங்கா பேர்போன இடம், வெளிநாட்டு டாக்டர்களே வந்து பயிற்சி எடுக்கிறார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து அரை மணிக்குள் முடிக்கிற வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும், அதனால் ஊருக்குப் போய் இறங்கிய முதல் வாரமே ஆபரேஷனை வைத்துக்கொள்ளுங்கள், கல்யாணம் கோயில் எல்லாம் அப்புறம். ரிப்போர்ட்டை இப்போதே அனுப்பி மொத்தச் செலவை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மிசிசாகா நர்ஸ்:
அக்கா, அவசரப்பட்டு டிக்கெட் போடாதீர்கள். பெருவிரல் அடிச் சதை மெலிந்திருக்கிறதா, பிடித்த பொருள் நழுவுகிறதா? அப்படியென்றால் டிசம்பர் வரை தள்ளவே கூடாது, குடும்ப டாக்டரிடம் சொல்லி ரெஃபரலை அவசரம் என்று மாற்றச் சொல்லுங்கள். இங்கேயும் பல இடங்களில் ஆபரேஷன் தியேட்டர் இல்லாமல் கிளினிக் அறையிலேயே செய்கிறார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாண டாக்டர் டொனால்ட் லலோண்ட் பரப்பிய முறை அது. யாராவது ரத்து செய்தால் கூப்பிடச் சொல்லிப் பெயர் கொடுத்து வையுங்கள், ஒன்டாரியோ அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப்பில் செலவும் கிடையாது. திட்டமிட்டு வெளிநாட்டில் செய்வதற்கு முன் அனுமதி இல்லாமல் ஓஹிப் தராது, பயண இன்சூரன்ஸும் பொதுவாகக் கை விரித்துவிடும். அதுவரை ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை போட்டுத் தூங்குங்கள். அவற்றாலும் இது வரலாம், சர்க்கரையும் தைராய்டும் பார்த்தாச்சா?

ஸ்கார்பரோக்காரி:
சதை மெலியவில்லை, சர்க்கரை இல்லை, தைராய்டு பார்க்கவில்லை. அங்கே செய்தால் திரும்பும்போது விமானத்தில் சிரமமா? வந்ததும் கம்ப்யூட்டர் வேலை.

மிசிசாகா நர்ஸ்:
தையல் பிரித்த பிறகு ஏறினால் பயமில்லை. கையை இறக்கித் தொங்கவிடாதீர்கள், விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள், பெட்டியை மட்டும் வேறு யாராவது தூக்கட்டும். டைப் அடிக்கலாம், ஆனால் உள்ளங்கையை ஊன்றினால் சில மாதம் வரைகூட வலிக்கும், பிடிமானமும் மெதுவாகத்தான் திரும்பும். ஆபரேஷன் குறிப்பையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கைப்பையில் வையுங்கள், இங்கே வந்து காயம் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ பார்க்கிற டாக்டருக்கு அது வேண்டும். தைராய்டை இந்த வாரமே பாருங்கள்.